சொல் வந்த வழி: கூலி என்பது ஆளா, அவன் பெறும் பணமா?



நாம் அன்றாடம் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் எங்கே பிறந்தன, வழியில் எவ்வாறு பொருள் மாறின என்பதை இப்பகுதியில் மாதந்தோறும் பார்த்து வருகிறோம். இம்மாதம் எடுத்துக்கொண்ட சொல்லை விளக்க அகராதி மட்டும் போதவில்லை. என் வீட்டில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் எனக்குப் பெருமை ஏதுமில்லை. ஆயினும் இதே காரியம் உங்களில் சிலருடைய வீட்டிலும் நடந்திருக்கக்கூடும் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் பூர்வீகம் வடகரப்பதி. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், சித்தூர் தாலுக்காவில் உள்ள ஊர். வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். நிலம் கேரளத்தைச் சேர்ந்தது. வீட்டிலும் சந்தையிலும் சபையிலும் பேச்சு தமிழ். என் தகப்பனார் அங்கே நிலக்கடலைக் காடுகளிலும் தென்னந்தோப்புகளிலும் நாற்பது ஆண்டுகள் கூலி வேலை செய்தவர். என்னைப் பள்ளியில் சேர்த்தபோது, தகப்பன் தொழில் என்ற இடத்தில் ஆசிரியர் ‘கூலி’ என்று எழுதினார். அது எனக்கு உறுத்தவில்லை. என் வகுப்பில் பாதிப்பேருக்கு மேல் அதே சொல்தான் எழுதப்பட்டிருந்தது.

பிழைப்பைத் தேடி நகரத்துக்கு வந்தேன். தேவகிருபையால் வேலை கிடைத்தது. பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்கவும் முடிந்தது. அவன் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, குடும்ப மரம் ஒன்று வரைந்து, தாத்தா பாட்டிமாரின் தொழிலையும் எழுதி வரச் சொன்னார்கள். அவன் தன் அப்பாருவின் பெயருக்குக் கீழே ஆங்கில எழுத்தில் ‘கூலி’ என்று எழுதினான். பக்கத்திலிருந்த பையன் அதைப் பார்த்துச் சிரித்தானாம். மாலையில் வந்து, “அப்பா, அது கெட்ட வார்த்தையா?” என்று கேட்டான்.

நான் பதில் சொல்லவில்லை. அழிப்பானை எடுத்து அந்தச் சொல்லை அழித்துவிட்டு ‘அக்ரிகல்ச்சர்’ என்று எழுதினேன். என் தகப்பனார் அதே அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. “என்ன கண்ணு மாத்தி எழுதறே?” என்றார். “ஒண்ணுமில்லீங்கப்பா, எழுத்துப் பிழை” என்றேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உண்மையில் எழுத்துப் பிழை யாருடையது? அந்தச் சொல்லின் வரலாற்றைத் தேடத் தொடங்கியது அப்பொழுதுதான்.

சொல் பிறந்த இடம்

ஆங்கிலத்தில் வழங்கும் ‘கூலி’ என்ற சொல்லுக்கு அறிஞர்கள் இரண்டு ஊற்றுகளைச் சொல்கிறார்கள். ஒன்று, குஜராத் பகுதியில் வாழும் ‘கோலி’ என்னும் மக்களின் பெயர். மற்றொன்று, நம்முடைய தமிழ்ச் சொல்லாகிய கூலி. இந்தியச் சொற்கள் ஆங்கிலத்தில் புகுந்த கதையைச் சொல்லும் ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்ற புகழ்பெற்ற அகராதி 1886-இல் வெளிவந்தது. ஹென்றி யூல் என்பவரும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னல் என்பவரும் அதைத் தொகுத்தார்கள். அவர்களும் இவ்விரண்டையும் எடுத்துக்காட்டினார்கள். மேற்குக் கரையில் போர்த்துகீசியரின் காதில் விழுந்த மக்கட்பெயரும், தெற்கே காதில் விழுந்த நம்முடைய சொல்லும் ஒன்றாய்க் கலந்திருக்கலாம் என்று கருதுவோர் பலர்.

ஊற்று எதுவாயினும், தமிழில் இச்சொல்லின் பொருளில் ஐயமில்லை. கூலி என்பது உழைப்புக்கு ஈடாகக் கொடுக்கப்படுவது. அது ஆளைக் குறிப்பதன்று. ஆளைக் குறிக்க வேண்டுமானால் கூலியாள், கூலிக்காரர் என்று ஒரு சொல்லைச் சேர்த்தே சொன்னோம். திருவள்ளுவர் ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்தில், உடல் வருந்தி முயன்றதற்குக் கிடைக்கும் பலனைக் கூலி என்றே குறிக்கிறார். அங்கே அது தாழ்ந்த சொல்லன்று. முயற்சியின் மேன்மையைச் சொல்ல வந்த சொல்.

நம்முடைய தமிழ் வேதாகமத்திலும் அப்படியே. திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமையில் எஜமான் சாயங்காலத்தில் கொடுக்கச் சொல்வது கூலி. உழைக்கிறவன் அதைப் பெறத் தகுதியுள்ளவன் என்று கர்த்தர் தம்முடைய சீஷர்களை அனுப்பும்போது சொன்னார். கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை ஒருவனிடத்தில் தங்கக்கூடாது என்பது லேவியராகமத்தின் கட்டளை. அவனவன் தன் தன் பிரயாசத்துக்கு ஏற்றபடி தேவனிடத்தில் பெறப்போகிறதையும் அப்போஸ்தலனாகிய பவுலின் நிருபத்தில் கூலி என்றே மொழிபெயர்த்தார்கள். பரலோகத்திலிருந்து வருவதற்கும் காட்டுவேலைக்குக் கிடைப்பதற்கும் ஒரே சொல்லை வைத்தவர்களுக்கு அச்சொல்லில் எந்தக் கூச்சமும் இருந்திருக்க முடியாது.

கப்பலில் ஏறிய சொல்

அப்படியானால் கூச்சம் எங்கே ஏறியது? கப்பலில் ஏறியது.

ஆங்கிலேயப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் நிறைவேறி, 1834 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டக்காரர்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் ‘அட்லஸ்’ என்ற கப்பல் இந்தியத் தொழிலாளரை மொரீஷியஸ் தீவில் இறக்கியது. 1860 நவம்பர் 16-இல் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஒப்பந்தக் காலத்துக்குக் கட்டுப்பட்டு, கைநாட்டு வைத்துப் போனவர்கள் அவர்கள்.

அவர்களுடைய மொழியில் கூலி என்பது மாதமுடிவில் கைக்கு வரவேண்டிய பணம். எஜமானுடைய மொழியிலோ ‘கூலி’ என்பது அவர்களே. வாங்க வேண்டியதன் பெயர் வாங்குகிறவன்மேல் ஒட்டிக்கொண்டது. ஒரு மனிதனுக்கு ஊரும் குடும்பமும் பேரும் உண்டு என்பதை மறக்க இந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

அதோடும் நிற்கவில்லை. சில ஆண்டுகளில் தோட்டத்தில் வேலை செய்யாதவர்களையும் அச்சொல் பிடித்துக்கொண்டது. வியாபாரி ‘கூலி வியாபாரி’ ஆனார். 1893-இல் வழக்கறிஞராக அங்கே போன காந்தியடிகள் ‘கூலி பாரிஸ்டர்’ ஆனார். இதை அவரே தம்முடைய சுயசரிதையில் எழுதியிருக்கிறார். முதலில் ஊதியம், பிறகு தொழிலாளி, பிறகு ஓர் இனம் முழுவதும் என்று அச்சொல்லின் பொருள் படிப்படியாய் மாறிற்று. தென்னாப்பிரிக்காவில் இன்றும் அது கொடிய வசைச்சொல்லாகவே எண்ணப்படுகிறது.

காந்தியடிகள் அதே நூலில் இன்னொரு தமிழ்ச் சொல்லையும் குறிப்பிடுகிறார். முத்துச்சாமி, இராமசாமி என்று நம்மவர் பெயர்கள் ‘சாமி’ என்று முடிவதால், வெள்ளையர்கள் தமிழர் எல்லாரையும் இளக்காரமாகச் ‘சாமி’ என்று அழைத்தார்களாம். சாமி என்றால் எஜமான் என்பது அவர்களுக்குத் தெரியாது. சுருசுருப்பான நம்மவர் சிலர், “என்னைச் சாமி என்கிறீர், அதற்கு எஜமான் என்று பொருள். நான் உமக்கு எஜமான் அல்லவே!” என்ற விதமாய்த் திருப்பிக் கொடுப்பார்களாம். பொருள் அறிந்தவனை வசைச்சொல்லால் எளிதில் வீழ்த்த முடியாது.

1894-இல் டர்பனில் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி காந்தியடிகளிடம் வந்தார். எஜமான் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் வடிய, தலைத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளையர் முன்னிலையில் இத்தகைய தொழிலாளி தலைத்துணியை எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே வழக்கமாயிருந்தது. காந்தியடிகளிடமும் அப்படியே நிற்க வேண்டும் போலும் என்று அவர் எண்ணிவிட்டார். துணியைத் திரும்பக் கட்டிக்கொள்ளும்படி காந்தியடிகள் கேட்டுக்கொண்டார். தயங்கித்தான் கட்டினார். ஆனாலும் அவருடைய முகத்தில் மகிழ்ச்சி தெரிந்ததாம். பிறகு வழக்கு நடந்தது. பாலசுந்தரம் அந்த எஜமானிடமிருந்து விடுவிக்கப்பட்டு வேறொருவரிடம் மாற்றப்பட்டார். ஒப்பந்தத் தொழிலாளர்களை அனுப்பும் முறை 1917-இல் நிறுத்தப்பட்டது. சொல் மட்டும் நிற்கவில்லை.

மலைமேல் வழங்கும் சொற்கள்

கடல் கடக்காமலேயே இதே அனுபவத்தைக் கண்டவர்கள் நம்முடைய இடுக்கி மலைகளில் இருக்கிறார்கள். 1877-இல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னாளில் அங்கே தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. வேலைக்கு மலையேறியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு ஏழை மக்கள். அவர்களைத் திரட்டி அழைத்து வந்தவர் கங்காணி.

கங்காணி என்பது கண்காணி என்பதன் திரிபு. கண்ணால் கவனித்துக் காப்பவர் என்று பொருள். ஆங்கிலமும் இதை அப்படியே எடுத்துக்கொண்டது. தோட்டங்களில் இச்சொல் முன்பணம், கடன், பிடித்தம் ஆகியவற்றின் நினைவைக் கொடுப்பதாயிற்று. ஆனால் தமிழ் வேதாகமத்தைத் திறந்து பிலிப்பியர் நிருபத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள். சபையின் மூப்பர்களைக் குறிக்க அதே கண்காணி என்ற சொல் அங்கே நிற்கிறது. மூலமாகிய கிரேக்கச் சொல் ‘எபிஸ்கோப்பஸ்’. மேலிருந்து கவனிப்பவர் என்று பொருள். அதுவே தேய்ந்து ஆங்கிலத்தில் ‘பிஷப்’ ஆயிற்று. ஒரே பொருளுள்ள சொல் ஓரிடத்தில் பயத்தையும் மற்றோரிடத்தில் மரியாதையையும் பெற்றது. சொல்லை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அதைச் சுமக்கிறவனுடைய நடக்கைதான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

மலையில் தொழிலாளர் குடியிருக்கும் வீடுகளுக்கு லயம் என்று பெயர். வரிசை என்னும் பொருளுள்ள ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்லே நம்மவர் நாவில் லயன், லயம் என்று ஆயிற்று. எஜமான் கண்ணுக்கு அது ஒரு வரிசை. உள்ளே பிறந்து, மணமுடித்து, ஜெபித்து, மரித்தவர்களுக்கு அது வீடு. ஆகவே ஏழைகளின் வாயில் ஒரு சொல் உயர்ந்ததும் உண்டு.

ஆங்கிலச் சொற்களே சாட்சி சொல்லும்

ஆங்கிலேயன் நம்முடைய சொல்லைத் தாழ்த்தினான் என்று சொல்லி முடித்துவிட்டால் அது பாதி உண்மை. அவனுடைய மொழியில் உழைப்பைப் பற்றிய சொற்களின் வேரைத் தோண்டினால், அவையும் நல்ல மண்ணில் முளைத்தவையே.

‘வேஜ்’ என்ற சொல்லுக்குப் பழைய பொருள் பிணை, வாக்குறுதி என்பது. திருமணத்தைக் குறிக்கும் ‘வெட்டிங்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. ஒருவனை வேலைக்கு அழைப்பதும் ஒரு உடன்படிக்கையே என்று அச்சொல் நமக்குச் சொல்கிறது. பேசிய கூலியைக் குறைப்பவன் வாக்குத் தவறியவனாகிறான்.

‘கம்பெனி’ என்பதன் வேர் இலத்தீனில் இரண்டு சொற்கள்: உடன் என்பதும் அப்பம் என்பதும். ஒன்றாய் அமர்ந்து அப்பம் பிட்டுப் புசிப்பவர்களே முதன்முதலில் அப்பெயர் பெற்றார்கள். இன்று கம்பெனியில் வேலை என்கிறோம். அங்கே முதலாளியும் தொழிலாளியும் ஒரே மேசையில் சாப்பிடுவதை நீங்கள் கண்டதுண்டா?

‘சாலரி’ என்ற சொல் இலத்தீனில் உப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தமிழிலும் சம்பளம் என்பதைச் சம்பா நெல்லோடும், அளம் என்னும் உப்போடும் சேர்த்து விளக்குவோர் உண்டு. ‘போனஸ்’ என்பது இலத்தீனில் ‘நல்லது’ என்று பொருள்படும் சொல். ‘ஸ்டிரைக்’ என்ற சொல் வேலைநிறுத்தத்தைக் குறிக்க வந்த கதை கப்பலோடு சேர்ந்தது. 1768-இல் இலண்டன் துறைமுகத்து மாலுமிகள், கூலிக் குறைவை எதிர்த்துக் கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டார்கள். பாயை இறக்குவதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டிரைக்’ என்பார்கள். அதுவே வேலையை நிறுத்துவதற்கும் பெயராயிற்று.

கடைசி இரண்டு சொற்களும் 2015 செப்டம்பரில் மூணாறில் ஒன்றாய்ச் சந்தித்தன. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் வந்து அமர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில், கட்சித் தலைவர்களையும் சங்கத் தலைவர்களையும் விலக்கி வைத்துவிட்டுத் தாங்களே பேசினார்கள். 20 சதவீதம் போனஸ் வேண்டும் என்பதும், அப்போது 232 ரூபாயாக இருந்த நாட்கூலியை 500 ஆக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகள். ஒன்பதாம் நாளில் போனஸும் கருணைத்தொகையும் சேர்ந்து 20 சதவீதம் என்று முடிவாயிற்று. அடுத்த மாதம் நாட்கூலி 301 ரூபாய் ஆயிற்று. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனாலும் கூலி என்ற சொல்லை வெட்கமில்லாமல் உரக்கச் சொன்னவர்கள் அவர்கள். அவர்கள் வாயில் அது வசைச்சொல்லாக ஒலிக்கவில்லை. உரிமையின் பெயராக ஒலித்தது.

மறு ஆண்டு, 2016-இன் இரயில்வே பட்ஜெட்டில், நிலையங்களில் சுமை தூக்குவோரை இனி ‘கூலி’ என்று அழைக்காமல் ‘சகாயக்’ என்று அழைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். உதவுகிறவர் என்று பொருள். பிலிப்பியர் நிருபத்தின் அதே முதல் வசனத்தில் கண்காணிகளுக்கு அடுத்தபடியாக நிற்பவர்களும் உதவிக்காரர்களே. நல்ல பெயர்தான். ஆனால் பெட்டியைத் தலையில் ஏற்றிவிட்டுப் பேசிய பணத்தில் பத்து ரூபாயைக் குறைக்கிற நாம், அவரை எந்தப் பெயரால் அழைத்தாலும் பயன் என்ன?

வீட்டுக்குத் திரும்புவோம்

இவ்வளவையும் வாசித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாயிற்று. என் மகனுடைய தாளில் நான் அழித்தது தமிழ்ச் சொல்லை அல்ல, ஆங்கிலச் சொல்லை. தோட்டத்து எஜமான் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கொடுத்த பொருளை, அவன் போன பின்னும், என் சொந்தத் தகப்பன்மேல் வைத்துப் பார்த்தவன் நான். பக்கத்திலிருந்த பையன் சிரித்ததில் குற்றமில்லை, அவன் சிறுபிள்ளை. வெட்கப்பட்டவன் நான்.

மறுநாள் மாலை மகனை அழைத்து, இந்தக் கதையைச் சுருக்கமாய்ச் சொன்னேன். கப்பலையும் பாலசுந்தரத்தின் தலைத்துணியையும் கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் தாளை எடுத்து, நான் எழுதியதை அவனே அழித்தான். தமிழில் ‘கூலி வேலை’ என்று எழுதி, அதன் கீழே ஆங்கிலத்தில், மற்றவர்களுடைய நிலத்தில் நாட்கூலிக்கு உழைத்து என் அப்பாவைப் படிக்க வைத்தார் என்று எழுதினான். அந்தக் கடைசிப் பகுதியை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிறகு நான் தகப்பனாரிடம் நடந்ததைச் சொன்னேன். முந்தைய நாள் பொய் சொன்னதையும் சொன்னேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. “எனக்குத் தெரியும் கண்ணு. எழுத்துப் பிழைன்னா உம்மூஞ்சி ஏன் அப்படிப் போகுது?” என்றார். பேரனைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, “சாமி, ஒருநாளும் அப்பாரு கூலிக்குக் குறைச்சு வேலை செய்யலே. அதை எழுதினியா?” என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைச் செல்லமாய்ச் சாமி என்றுதான் அழைப்பது வழக்கம். டர்பன் துறைமுகத்தில் இளக்காரமாய்ப் போன அதே சொல் என் வீட்டுக் கட்டிலில் இப்படி ஒலித்தது.

பிரியமானவர்களே, நம்மில் அநேகர் கூலிக்காரரின் பிள்ளைகளாய் நகரத்துக்கு வந்தவர்கள். பிள்ளைகளின் பள்ளிப் படிவத்திலும், வீட்டுக் கதையிலும், சபைச் சாட்சியிலும் நம் பெற்றோர் செய்த வேலையை அதன் பெயராலேயே சொல்லுவோம். இன்று நம் வீட்டுக்கு வண்ணம் பூச வருகிறவர், குழாய் பழுது பார்க்க வருகிறவர், பாத்திரம் துலக்க வருகிற சகோதரி ஆகியோரின் பெயரைக் கேட்டு அறிவோம். பெயரைச் சொல்லி அழைப்போம். பேசிய கூலியைச் சூரியன் அஸ்தமிக்குமுன் கொடுப்போம். கூலி என்பது அவர்கள் பெயரன்று. நாம் அவர்களுக்குப் பட்டிருக்கும் கடன்.

அடுத்த மாதம் வேறொரு சொல்லோடு சந்திப்போம். கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.